வெளியே தெரியாத மனச்சோர்வு: அருகில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டிலோ அலுவலகத்திலோ நட்பு வட்டத்திலோ ஒருவரைப் பார்த்து, "இவர் முன்போல் இல்லையே" என்று எண்ணத் தொடங்கியவர்களுக்கான பக்கம் இது. நோய் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆனால் அவரிடம் போகும்வரை நடக்க வேண்டிய எல்லாம் அருகில் இருப்பவரின் கையில்தான் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்று இப்போதே அஞ்சுகிறவர்கள் மற்றவற்றைப் பிறகு படிக்கலாம். முதலில் 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையான இது 24 மணி நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

நாள் தவறாமல் வேலைக்குப் போகிறார், நாலு பேரோடு சிரித்துப் பேசுகிறார். அவருக்கு மனச்சோர்வு இருக்க முடியுமா?

முடியும். மனச்சோர்வை உறுதிசெய்ய மனநல மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகள் 9. சோகம் அல்லது வெறுமையுணர்வு, எதிலும் நாட்டமின்மை, பசியிலோ எடையிலோ மாற்றம், தூக்கக் கேடு, உடலசைவில் மந்தம் அல்லது இருப்புக்கொள்ளாமை, களைப்பு, தன்னைப் பயனற்றவர் என்றோ குற்றவாளி என்றோ கருதுதல், மனம் ஒருநிலைப்படாமை, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை அவை. இவற்றுள் குறைந்தது 5, இரண்டு வாரங்களாவது, ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் இருக்க வேண்டும். முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை பாருங்கள். பக்கத்து மேசையில் இருப்பவருக்குத் தானாகத் தெரியக்கூடியது இதில் எத்தனை? இரவு தூங்கினாரா என்பது அலுவலகத்துக்குத் தெரியாது. தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது மனைவிக்கே தெரியாமல் போகலாம்.

சமூக ஊடகங்களில் உலவும் "சிரிக்கும் மனச்சோர்வு" என்ற பெயரில் தனி நோய் எதுவும் மருத்துவப் பட்டியல்களில் இல்லை. அதே மனச்சோர்வைத்தான் சிலர் தம் பொறுப்புணர்ச்சியாலும் வெட்கத்தாலும், பிறருக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற அச்சத்தாலும் மூடி வைத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் எதை வைத்துத்தான் கண்டுகொள்வது?

அவர் செய்தே ஆக வேண்டியவற்றை விட்டுவிட்டு, செய்யாவிட்டாலும் யாரும் கேட்காத காரியங்களைப் பாருங்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். காலை மணியடிக்கும் முன் பள்ளியில் இருக்கிறார், விடைத்தாள்கள் அவரிடம் தங்குவதில்லை, தலைமை ஆசிரியருக்கு அவர்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் மொட்டை மாடியில் அவர் ஆசையாக வளர்த்த மல்லிச் செடிகள் தண்ணீரின்றிக் கருகிக் கிடக்கின்றன. வாரந்தோறும் கேரம் ஆடப் போனவர், "வேலை இருக்கு" என்று சொல்லித் தட்டிக்கழிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிவரை கட்டிலைவிட்டு எழுவதில்லை. எழுந்தாலும் மாலைவரை குளிக்காமல், ஓடுகிற தொலைக்காட்சியின் முன் அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார். திங்கட்கிழமை காலை தேய்த்த சட்டையோடு மறுபடி பள்ளி. சக ஆசிரியர்கள் காண்பது திங்கட்கிழமையை மட்டுந்தான்.

கடமைக்கு வெளியிலிருந்து ஓர் இழுப்பு உண்டு. மணி அடிக்கிறது, வருகைப் பதிவேடு இருக்கிறது, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். விருப்பம் உள்ளிருந்து எழ வேண்டும். மனச்சோர்வு முதலில் கை வைப்பது அந்த விருப்பத்தின்மீது என்பதால், விடுமுறை நாளும் பொழுதுபோக்கும் நட்பும் சரிந்த பிறகே பல சமயம் வேலை சரிகிறது. வேலையில் தடுமாற்றம் தெரியும்வரை காத்திருந்தால் பல மாதங்கள் கடந்துவிட்டிருக்கும்.

தூக்கத்தைப் பொறுத்தவரை, படுத்தவுடன் தூங்கிவிட்டு, வழக்கத்தைவிட இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக விழித்து, பின் தூக்கமே வராமல் விடியும்வரை கிடப்பது கவனிக்கத்தக்கது. சிலருக்குக் காலைப்பொழுது மிகக் கனமாகவும் மாலையில் சற்று இலேசாகவும் இருக்கும். மாலையில் மட்டும் சந்திக்கும் நண்பர், "நல்லாத்தானே இருந்தார்" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மதிய டப்பா பாதிச் சோற்றோடு திரும்பி வருவது, கேட்ட கேள்விக்குப் பதில் வரச் சற்று நேரமாவது, எந்தப் புடவை கட்டுவது என்பதுபோன்ற சின்ன முடிவுக்குக்கூடத் திணறுவது, "என்னால எல்லாருக்கும் தொந்தரவு" என்ற பேச்சு இடையிடையே வருவது ஆகியவையும் அப்படியே.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. அவரை ஒப்பிட வேண்டியது அவருடைய பழைய வழக்கத்தோடுதான். பிறவியிலேயே அதிகம் பேசாதவர் பேசாமலிருப்பது அறிகுறி ஆகாது. வீடே அதிரப் பேசியவர் அளவாகப் பேசத் தொடங்கினால், அந்த "அளவான" பேச்சு மற்றவர்களுக்கு இயல்பாகத் தோன்றினாலும், வீட்டார் அதை இயல்பு என்று விட்டுவிடக் கூடாது.

மனத்தைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்வதில்லை. எப்போதும் உடம்பு வலி, கேஸ் ட்ரபிள் என்றுதான் சொல்கிறார். இதுவும் மனச்சோர்வாக இருக்குமா?

இருக்கலாம். நம் வீடுகளில் மனச்சோர்வு உள்ளே நுழைவது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான். தலை பாரம், முதுகு வலி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிச்சல், "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்டமாதிரி இருக்கு" என்ற அசதி ஆகியவற்றோடு ஒருவர் மருத்துவர் மாற்றி மருத்துவர் போகிறார். ஈசிஜி, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கின்றன. "ஒண்ணுமில்ல" என்று சொல்லி ஒரு சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள். அவருக்கு வலிப்பது உண்மை. வலிக்கும் ஒருவரிடம் ஒன்றுமில்லை என்று சொன்னால், அடுத்த முறை அவர் வாயைத் திறப்பதும் குறைந்துவிடும்.

நாம் மனத்தை மறைக்கும் சமூகம் என்று இதைக் குறைபட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. அது முழு உண்மையன்று. உலக சுகாதார நிறுவனம் பெங்களூரு உட்பட 14 நாடுகளின் மையங்களில் பொது மருத்துவரிடம் வந்தவர்களிடையே நடத்திய ஆய்வின் தரவுகள் 1999-இல் வெளியாயின. மனச்சோர்வு இருந்தவர்களில் 69 விழுக்காட்டினர் மருத்துவரிடம் வந்ததற்குக் காரணமாகச் சொன்னவை உடல் உபாதைகள் மட்டுமே. அதே சமயம், மனநிலையைப் பற்றி நேரடியாகக் கேட்டபோதும் ஒன்றுமில்லை என்று மறுத்தவர்கள் 11 விழுக்காட்டினர்தான். கேட்டால் பெரும்பாலோர் சொல்கிறார்கள், கேட்பார்தான் இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு போன்றவை மனச்சோர்வைப் போலவே சோர்வையும் நாட்டமின்மையையும் தரக்கூடும். ஆகவே எல்லாம் மனக்கோளாறு என்று வீட்டிலேயே முடிவுகட்டாமல், அடிப்படைப் பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும்.

அவர் சோகமாக இல்லை. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார், குடியும் கூடிவிட்டது. இது எதில் சேரும்?

ஆண்களிடம் மனச்சோர்வு இந்த வடிவில் வருவது அரிதன்று. அழுதால் ஏளனம் செய்வார்கள், கோபப்பட்டால் ஒதுங்கி வழிவிடுவார்கள் என்று சிறுவயது முதல் பழகிய மனிதர், உள்ளே இருப்பதை எரிச்சலாகத்தான் வெளிக்காட்டுகிறார். குடியின் கணக்கு சிக்கலானது. தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்குகிறார். குடி தூக்கத்தின் தரத்தைக் கெடுத்து மனச்சோர்வைக் கூட்டுகிறது. அதற்காக மேலும் குடிக்கிறார். எது முதலில் வந்தது என்று வீட்டார் வழக்காடிப் பயனில்லை. இரண்டையும் மருத்துவரிடம் சொன்னால் போதும். ஆனால் மனைவி மக்கள் அடி வாங்கிக்கொண்டு இதை நோய் என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நோய் இருப்பது வன்முறைக்கு உரிமம் ஆகாது.

வயதானவர்களிடம் எப்படித் தெரியும்?

"வயசாயிடுச்சுல்ல" என்ற ஒரு சொல்லால் முதியவர்களின் மனச்சோர்வு மூடப்பட்டுவிடுகிறது. பசி குறைவதும் ஒதுங்கி இருப்பதும் முதுமையின் இயல்பு என்று வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். மறதி பற்றிய முறையீடும் பலருக்கு முன்னால் வந்து நிற்கும். மறதிநோய் தொடங்கியவர் பெரும்பாலும் தம் மறதியை உணராமல், கேட்டதற்கு ஏதோவொரு பதிலைச் சொல்லிச் சமாளிப்பார். மனச்சோர்வில் இருப்பவர், "எனக்கு எதுவுமே நினைவில் நிக்கல" என்று தாமே வருந்துவார். கேள்வி கேட்டால் முயன்று பாராமலே, "தெரியலப்பா" என்று விட்டுவிடுவார். இது தோராயமான வேறுபாடு மட்டுமே. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு என்பதால் முடிவை மருத்துவரிடம் விட வேண்டும். மனைவியை இழந்தவர், பணி ஓய்வு பெற்றவர், பக்கவாதமோ மாரடைப்போ வந்து தேறியவர் ஆகியோரிடம் கூடுதல் கவனம் தேவை.

பள்ளி, கல்லூரி மாணவர்களிடம்?

சோகத்துக்குப் பதில் சிடுசிடுப்பு இருக்கலாம். மதிப்பெண் திடீரெனச் சரிவது, காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிற்று வலி வருவது, நெருங்கிய நண்பர்களைக்கூடத் தவிர்ப்பது, (கையில் தானே கீறிக்கொண்ட காயத்தை மறைப்பதற்காக) முழுக்கைச் சட்டையைப் புழுக்கத்திலும் கழற்ற மறுப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். கைப்பேசியைப் பிடுங்கி வைப்பது பெற்றோரின் முதல் மருந்தாக இருக்கிறது. பெரும்பாலும் அது பேச்சையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறது.

குழந்தை பெற்றவளுக்கு அழுகை வருவது சகஜம் என்கிறார்களே?

பிரசவமான சில நாட்களில் வரும் அழுகையும் தவிப்பும் பெரும்பாலான தாய்மாருக்கு இரண்டு வாரத்துக்குள் தாமாகவே அடங்கிவிடும். அதைத் தாண்டி நீடித்தாலோ, குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராமலிருந்தாலோ, குழந்தையிடம் ஒட்டுதலே வரவில்லை என்று அவள் சொன்னாலோ, அது சகஜமன்று. எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கும் வீட்டில் தான் மட்டும் மகிழ்ச்சியாக இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. பார்க்க வருகிறவர்கள் குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போகிறார்கள். தாயைத் தனியே உட்காரவைத்து, "நீ எப்படிம்மா இருக்க?" என்று ஒருவராவது கேட்க வேண்டும். யாரும் கேட்காத ஒலிகள் கேட்பதாகவோ, குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணங்கள் வருவதாகவோ அவள் சொன்னால், தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எப்படிக் கேட்பது? கேட்டாலே, "ஒண்ணுமில்ல" என்கிறார்.

முதல் முறை அப்படித்தான் சொல்வார். அதில் ஏமாற்றமடைய ஒன்றுமில்லை. கூடத்தில் நாலு பேர் நடுவே கேட்காதீர்கள். எதிரெதிரே உட்கார்ந்து விசாரிப்பதைவிட, சேர்ந்து நடக்கும்போதோ, காய் நறுக்கும்போதோ, வண்டியில் போகும்போதோ பேச்சு எளிதாக வரும். "உனக்கு டிப்ரஷன்" என்று தீர்ப்புச் சொல்லாமல், கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். தம்பி அண்ணனிடம் இப்படிக் கேட்கலாம்: "அண்ணா, ஒரு மாசமா நீங்க சரியாவே சாப்பிடறதில்ல. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து உக்காந்திருக்கீங்க, நான் பாத்தேன். உள்ளுக்குள்ள என்ன ஓடுது?" பார்த்ததைச் சொன்னால் மறுப்பது கடினம், யாரோ தன்னைக் கவனித்திருக்கிறார் என்பதே சிலருக்கு ஆறுதல். அப்போதும் ஒன்றுமில்லை என்றால், "சரி, ஆனா நான் மறுபடி கேப்பேன்" என்று சொல்லிவிட்டு, சில நாள் கழித்து உண்மையிலேயே மறுபடி கேளுங்கள்.

அவர் பேசத் தொடங்கினால் உடனே தீர்வு சொல்லத் துடிக்காதீர்கள். "உனக்கு என்ன குறைச்சல்?", "ஊர்ல எவ்வளவோ பேர் இதவிடக் கஷ்டப்படறாங்க", "மனச தைரியமா வச்சுக்கோ" என்ற மூன்றும் நம் நாவில் தயாராக இருப்பவை. ஏற்கெனவே தன்னைக் குற்றவாளியாக எண்ணிக்கொண்டிருப்பவருக்கு, குறையில்லாமலும் சோர்ந்திருக்கிறோமே என்ற இன்னொரு குற்றத்தை அவை சேர்க்கின்றன. "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தாலும் காத்திருங்கள். காத்திருப்பது பலருக்கும் வராத திறமை; அறிவுரை சொல்வதைவிடக் கடினம்.

தற்கொலையைப் பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடாதா?

ஆகாது. இதை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், கேட்பதால் எண்ணம் கூடுகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. சுற்றி வளைக்காமல், "வாழவே வேணாம்னு தோணுதா? சாகணும்னு நினைக்கிறீங்களா?" என்றே கேளுங்கள். "தப்பா எதுவும் நினைக்கலையே?" என்று இல்லை என்ற பதிலை எதிர்பார்க்கும் தொனியில் கேட்டால், இல்லை என்றுதான் பதில் வரும்.

"நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு, நகையையும் பத்திரங்களையும் திடீரெனப் பிரித்துக் கொடுப்பது, காரணமில்லாமல் ஒவ்வொருவரிடமும் விடைபெறுவது போலப் பேசுவது ஆகியவற்றை அலட்சியம் செய்யக் கூடாது. நெடுநாள் தவித்தவர் வெளிப்படையான காரணம் ஏதுமின்றி ஒரே நாளில் அமைதியாகிவிட்டால் நிம்மதி அடைவதற்கு முன் அவரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். சிலரிடம் அது முடிவெடுத்துவிட்டதன் அமைதியாக இருக்கும். ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். இரகசியமாக வைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மிகுதியான மாத்திரைகளையும் அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு, முடிந்தால் வேறு வீட்டுக்கே, அப்புறப்படுத்துங்கள். நினைத்தவர் வேறு வழி தேடமாட்டாரா என்று கேட்பவர்களுக்கு இலங்கையின் அனுபவம் பதில் சொல்லும். அங்கே 1995-இல் ஆண்டுக்கு ஓர் இலட்சம் பேரில் சுமார் 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். மிகக் கொடிய பூச்சிமருந்துகளுக்கு அவ்வாண்டிலும், எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்துக்கு 1998-இலும் தடை வந்தபின், 2005-க்குள் அந்த விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்தக் கடுமையான சில மணி நேரத்தைக் கடத்திவிட்டால் பலர் உயிர் பிழைக்கிறார்கள்.

ஏற்கெனவே ஒருமுறை முயன்றவர் என்றால், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சி மருத்துவரிடம் மறைக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்றும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 14416 தவிர, சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பை 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம். இலங்கையில் இருப்பவர்களுக்குத் தேசிய மனநல உதவி எண் 1926.

இணையத்தில் கிடைக்கும் கேள்விப் பட்டியலை அவருக்குக் கொடுத்துப் பார்க்கலாமா?

பிஎச்க்யூ-9 என்ற பட்டியல் நம்பத்தக்கது. 2001-இல் வெளியான இது, மேலே சொன்ன 9 அறிகுறிகளையும் கடந்த இரண்டு வாரக் கணக்கில் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாவைப் பற்றிய எண்ணத்தைக் கேட்கும் கடைசிக் கேள்விக்குப் பூஜ்யம் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் குறைவாக இருந்தாலும், அன்றே பேசுங்கள். ஆனால் அவருக்காக நீங்கள் நிரப்பாதீர்கள். மறைக்க நினைப்பவர் இதிலும் மறைக்க முடியும் என்பதால், குறைந்த மதிப்பெண்ணைக் கண்டு கண்ணால் கண்டதை ஒதுக்கிவிடவும் கூடாது.

மருத்துவரிடம் வர மறுக்கிறார். என்ன செய்வது?

பலருக்கு அச்சம் மருத்துவரைப் பற்றியதன்று. "பைத்தியம்" என்ற பட்டத்தையும், தங்கையின் கல்யாணப் பேச்சையும் பற்றியது. அதனால் முதல் படியைச் சிறிதாக்குங்கள். தூக்கம் வரவில்லை, பசி இல்லை என்பதற்காகக் குடும்ப மருத்துவரைப் பார்க்க அவர் ஒப்புக்கொள்வார். அந்த மருத்துவரிடம் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். "டாக்டரப் போய்ப் பாருங்க" என்பதைவிட, "வியாழக்கிழமை நான் லீவு போட்டிருக்கேன், சேர்ந்து போவோம்" என்பது வேலை செய்யும். முடிவெடுக்கத் திணறுபவருக்கு அந்த முடிவை நீங்கள் எடுத்துக் கொடுக்கிறீர்கள். மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் பலர் போகும் குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ போய்வர வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் விரும்பினால் அதை எதிர்த்துச் சண்டையிடுவதைவிட, அங்கேயும் போவோம், மருத்துவரிடமும் போவோம் என்று சொல்வதே என் கருத்தில் பயனுள்ளது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளர் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. பெங்களூருவிலுள்ள மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு வருகிறது. பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை. புறநோயாளர் வரிசையில் தெரிந்தவர் யாராவது நின்றுவிடுவாரோ என்று அஞ்சுபவரிடம், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார் என்று சொல்லலாம்.

சிகிச்சை தொடங்கிய பிறகு நாம் எதைக் கவனிக்க வேண்டும்?

மாத்திரை அன்றிரவே வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு ஆறு வாரங்கள்கூட ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் மட்டும் வந்து பலன் வராததால் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த வாரங்களில்தான் துணை மிகவும் தேவை. பெரும்பாலும் தூக்கமும் பசியும் முதலில் திரும்பும், மனநிலை பின்னால் வரும். செயல்படத் தெம்பு வந்தும் நம்பிக்கை வராத இடைக்காலத்தில் ஆபத்து கூடலாம் என்பதால், குறிப்பாக இளைஞர்களிடம் கண்காணிப்பைத் தளர்த்தாதீர்கள். முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுகடந்த உற்சாகத்தோடு, பணத்தை வாரி இறைத்த நாட்கள் அவருக்கு இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அது, மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோயாக இருக்கக்கூடும், அதற்கான மருந்து வேறு.

மனச்சோர்வுக்கான மருந்துகள் குடியைப்போல அடிமைப்படுத்துபவை அல்ல. ஆனால் சட்டென நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரக்கூடும். குணம் தெரிந்த பிறகும் பொதுவாக ஆறு முதல் ஒன்பது மாதங்கள்வரை தொடரச் சொல்வார்கள். "இப்பத்தான் நல்லாயிட்டேனே" என்று அவர் மாத்திரையை ஒதுக்கிவைக்கும் நாள் அதற்கு முன்பே வரும். அன்று அவரோடு வாதாடாமல், அளவைப் படிப்படியாகக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் கேட்கும்வரை அதே அளவில் தொடரச் சொல்லுங்கள்.